எழுத்தை அரிக்கும் கரையான்: இணையத்தில் எழுதுவோர்க்குச் சில துணைக்கருவிகள்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

ஓலையில் எழுதிய நாளில் எழுத்துக்குக் கரையான் பகையாயிற்று. காகிதத்தில் எழுதிய நாளில் ஈரமும் பூச்சியும் பகையாயின. இன்று நம் கல்லூரியிலேயே பலர் இணையத்தில் எழுதுகின்றனர். கவிதை எழுதுவோர் உளர். திரைப்பட விமரிசனம் எழுதுவோர் உளர். தம் ஊர்த் திருவிழாவைப் படத்தோடு எழுதுவோரும் உளர். கரையானுக்கு எட்டாத இடத்தில் எழுத்தை வைத்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கின்றோம். ஆனால் அங்கும் ஒரு கரையான் உண்டு. அதனை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

என் பெரியப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2001ஆம் ஆண்டு முதல் ஐந்தாறு ஆண்டுகள் எங்கள் ஊர் ஏரியைப் பற்றி எழுதி, சொந்தச் செலவில் ஓர் இணையத்தளம் அமைத்து அதில் வெளியிட்டு வந்தார். நான்கு மதகுகளின் பெயர்கள், கலிங்கு கட்டிய கதை, எந்த மடைக்கு எந்த முறையில் தண்ணீர் திறப்பது, நீர்கட்டிக்குக் களத்துமேட்டில் எவ்வளவு நெல் அளப்பது, ஏரி மீனைக் குத்தகைக்கு விட்டபோது நடந்த சண்டை ஆகிய எல்லாம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு அவர் திரட்டியவை. அப்பெரியவர்களுள் இன்று ஒருவரும் இல்லை. பெரியப்பாவும் 2009இல் மறைந்தார். தளத்துக்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்டவேண்டும் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. தளம் மறைந்தது. எஞ்சியது ஒரு குறுந்தகடு மட்டுமே.

சென்ற ஆண்டு உள்ளூர் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதும் பொருட்டு அக்குறுந்தகட்டைத் திறந்தேன். திரையில் தமிழே இல்லை! ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் பேரெழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து, பூனை விசைப்பலகையின்மேல் நடந்ததைப் போலக் கிடந்தன. உடன் இருந்த நண்பன் “இது வைரஸ்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். வைரஸ் அன்று. அதைப் படிக்க முயன்றபோது நான் கற்ற கருவிகளைப் பற்றியதே இக்கட்டுரை. நான் கணிப்பொறி அறிவியல் மாணவன் அல்லன். பிழை இருப்பின் அத்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருளித் திருத்த வேண்டுகிறேன்.

எழுத்துருவின் மாயம்

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண் வரும்போது இந்த வடிவத்தை வரை என்று சொல்லி வைக்கிறோம். பழைய முறையில் இவ்வாறு கொடுக்கக்கூடிய இடங்கள் மொத்தம் 256. அவற்றுள் முதற்பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. தமிழை எங்கே வைப்பது? சிலர் இரண்டாம் பாதியில் வைத்தனர். வேறு சிலர் ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். இவ்வகையில் பெரிதும் வழங்கியது ‘பாமினி’ என்னும் எழுத்துரு. அதில் ஜே என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தின் இடத்தில் ‘த’ இருக்கும். கே இருந்த இடத்தில் ‘ம’. பி இருந்த இடத்தில் இகரக் குறி. ஓ இருந்த இடத்தில் ‘ழ’. அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே பாமினி உள்ள கணிப்பொறியில் ‘தமிழ்’ என்று தெரியும் சொல், அஃது இல்லாத கணிப்பொறியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். உள்ளே இருப்பது தமிழே அன்று. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டிருக்கிறார்கள். வேடம் கலைந்தால் கதை முடிந்தது.

ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வோர் அச்சகமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்த காலம் அது. திஸ்கி என்றும் டாப், டாம் என்றும் பொதுக் குறியீடுகள் பின்னர் வந்தன. ‘ஒருங்குறி’ எனப்படும் யுனிகோடு உலக மொழிகள் பலவற்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியது. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் நம் கணிப்பொறிகளும் மென்பொருள்களும் அதற்குப் பழகி வரப் பல ஆண்டுகள் ஆயின. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது 2010 ஜூன் மாதத்தில்தான். பெரியப்பா எழுதியது அந்த இடைக்காலத்தில். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஏரி இல்லாத ஏரிக் கட்டுரை

பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் கருவிகளுக்குக் குறியீட்டு மாற்றிகள் என்று பெயர். சுரதா உருவாக்கிய ‘பொங்குதமிழ்’, நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். மாற்றி என்பன இவற்றுள் பலரும் அறிந்தவை. மேற்பெட்டியில் பழையதை ஒட்டினால் கீழ்ப்பெட்டியில் தமிழ் வந்து நிற்கும். அன்று இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு மாற்றியில் நான் பெரியப்பாவின் கட்டுரையை இட்டேன். தமிழ் வந்தது! வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பெரியம்மா முதல் பத்தியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மறுநாள்தான் வேடிக்கை. ‘ஏரி’ என்னும் சொல் எத்தனை இடங்களில் வருகிறது என்று தேடினேன். ஓரிடத்திலும் இல்லை என்று கணிப்பொறி சொல்லிற்று. கண்ணெதிரே வரிக்கு வரி ஏரி இருக்கிறது; கணிப்பொறிக்கு மட்டும் இல்லை! ஆசிரியர், ஊர், நீர் என்று தேடினாலும் அதே விடை. ஆனால் மதகு, தண்ணீர்ப்பந்தல், மீன் முதலியவற்றுள் ரகர ஒற்றோ ரிகரமோ இல்லாத சொற்கள் எல்லாம் கிடைத்தன.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பின் காரணம் புரிந்தது. ‘ர’ என்னும் எழுத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு கோடு உண்டு. புள்ளியோ இகரக் குறியோ சேரும்போது அச்சில் அக்கோட்டை விட்டுவிடுவது நெடுநாள் வழக்கம். அப்போது அதன் வடிவமும் நெடிலுக்குப் போடும் காலின் வடிவமும் ஒன்றாகிவிடும். பழைய எழுத்துரு செய்தவர்கள் இடம் மிச்சம் பிடிக்க இரண்டுக்கும் ஒரே வடிவத்தை வைத்துவிட்டனர். அதாவது பெரியப்பா ‘ரி’ என்று எழுதிய இடமெல்லாம் உள்ளே ‘கால், இகரக் குறி’ என்று பதிந்திருந்தது. விவரம் தெரிந்த மாற்றி இதைக் கண்டு ரகரமாகத் திருத்தும். நான் பயன்படுத்தியது எழுத்துக்கு எழுத்து மாற்றும் சோம்பேறி மாற்றி. காலைக் காலாகவே மாற்றிவிட்டது. கண்ணுக்கு ஏரி, உள்ளே ஏ, கால், இகரக் குறி.

இப்பிழை என் வீட்டுக் குறுந்தகட்டோடு நிற்கவில்லை. இணையத்தில் உள்ள தமிழ்ச் சுற்றறிக்கைகளிலும் பாடநூல் கோப்புகளிலும் இதனைக் காணலாம். ஐயம் இருப்பின் அவற்றில் ‘ஆசிரியர்’ என்று தேடிப் பாருங்கள். நல்லவேளையாக மருந்து எளிது. தமிழில் காலை அடுத்துப் புள்ளியோ இகரக் குறியோ ஈகாரக் குறியோ ஒருபோதும் வாராது. ஆகவே கோப்பு முழுவதிலும் ‘கால், புள்ளி’ என்று இருப்பதை ‘ர்’ என்றும், ‘கால், இகரக் குறி’ என்று இருப்பதை ‘ரி’ என்றும், அவ்வாறே ‘ரீ’ என்றும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடலாம். எந்தச் சொல்லும் கெடாது. லிப்ரே ஆபீசில் உள்ள ‘தேடி மாற்று’ வசதி ஒன்றே இதற்குப் போதும். ஒரு நிமிடத்தில் ஏரி மீண்டும் ஏரியாயிற்று.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிழை ஔகாரத்தில் உண்டு. ‘கௌரவம்’ என்பதை எழுதும்போது பலர் ஒற்றைக்கொம்பு போட்டு, பின்னால் ‘ள’ என்னும் எழுத்தை இட்டுவிடுகின்றனர். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்; தேடினால் கிடைக்காது. இதற்கு மருந்து கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. ஏனெனில் ‘கெளிறு’ என்று ஒரு மீன் இருக்கிறது, அதில் வருவது உண்மையான ளகரம். எங்கள் ஏரியிலும் அது உண்டு.

தட்டச்சும் பிழைதிருத்தமும்

புதிதாக எழுதுவோர் இத்தொல்லைகளுள் பெரும்பாலானவற்றுக்கு ஆளாக வேண்டியதில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல், பின்னர் வந்த அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் எனப் பலவற்றின் உழைப்பால் வழி செப்பனிடப்பட்டுவிட்டது. கைப்பேசிக்குச் செல்லினம் இருக்கிறது. நம்மில் பலர் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கின்றனர். குற்றம் இல்லை. எனினும் 1999இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையை ஒரு வாரம் பழகிப் பார்க்குமாறு நண்பர்களை வேண்டுகிறேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்களுள் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலதற்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டுகள் போதும். ந, த என்று தட்டினாலும் ‘ந்த’ ஆகும். மொழியின் இயல்பை அறிந்தவர்கள் கூடி அமைத்தது என்பது தட்டத் தட்டப் புரியும்.

பிழைதிருத்திகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆங்கிலத்துக்குச் சொற்பட்டியல் ஒன்று இருந்தால் பிழைதிருத்தி பெருமளவு வேலை செய்துவிடும். தமிழில் அது நடவாது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்று ஒரே சொல்லாக எழுதுகிறோம்; இதை எந்த அகராதியில் தேடுவது? வேர்ச்சொல்லையும் விகுதியையும் பிரித்தறியும் இலக்கணத்தைக் கருவிக்குக் கற்பித்தாக வேண்டும். அத்தகைய முயற்சிகளுள் நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’ எழுத்துப்பிழை திருத்தியும் ‘நாவி’ சந்திப்பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பேராசிரியர் தெய்வசுந்தரம் முன்னின்று உருவாக்கிய ‘மென்தமிழ்’ சொல்லாளரிலும் பிழைதிருத்தி உண்டு. ணகர னகரம், ரகர றகரம் இவற்றில் தடுமாறும் என் போன்றோர்க்கு இவை பெருந்துணை. ஆனால் சந்தியில் முழுதும் நம்பிவிடலாகாது. ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்கிறோம். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையிலுள்ள ஆயுதத்தைக் கேட்கிறோம். இரண்டும் இலக்கணப்படி சரி. எதை நாம் கேட்கிறோம் என்பது கருவிக்கு எப்படித் தெரியும்?

செருகுநிரல் என்னும் ஆசை

இணையத்தில் எழுதுவோர் பெரிதும் பயன்படுத்தும் மென்பொருள்களுள் ஒன்று வேர்ட்பிரஸ். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003இல் தொடங்கியது. மறு ஆண்டிலேயே அதில் செருகுநிரல் என்னும் வசதியைச் சேர்த்தனர். வீட்டுச் சுவரில் மின்துளை வைத்துவிட்டால் விசிறியோ விளக்கோ வேண்டியதைச் செருகிக்கொள்ளலாம் அல்லவா? அதுபோல மூல மென்பொருளின் இடையிடையே கொக்கிகள் வைத்துள்ளனர். பிறர் எழுதிய சிறு நிரல்களை அக்கொக்கிகளில் மாட்டிக்கொள்ளலாம். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இலவசச் செருகுநிரல்கள் அதன் பட்டியலில் கிடைக்கின்றன. நண்பர்கள் சிலர் பொருட்காட்சிக்குப் போன பிள்ளைகளைப் போல இருபது முப்பதை மாட்டி வைத்திருக்கின்றனர். பனி கொட்டுவதற்கு ஒன்று, எழுத்து மின்னுவதற்கு ஒன்று!

ஒவ்வொன்றும் பக்கத்தைத் திறக்கும்போது தன் பங்குக்கு வேலை செய்யும், பக்கம் தாமதமாகும். அதைவிடப் பெரிய இடர், எழுதியவர் ஒருநாள் அதைக் கைவிட்டுவிடுவார். திருத்தப்படாத நிரலின் ஓட்டை வழியே திருடன் நுழைவான். ஆகவே ஒன்றை மாட்டுமுன், அதைக் கடைசியாக எப்போது புதுப்பித்தனர் என்று அதன் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். பல வேலைகளுக்கு இன்று செருகுநிரலே தேவையில்லை. தேடுபொறிகளுக்குத் தரும் தளவரைபடமும், வாசகர் கீழே வரும்போது மட்டும் படத்தை இறக்கும் முறையும் 2020இல் வந்த 5.5ஆம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்னும் அவற்றுக்குச் செருகுநிரல் தேடுவோர் உண்டு.

படங்களைச் சுருக்குவது அவசியம். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் நான்கைந்து மெகாபைட் இருக்கும்; அப்படியே ஏற்றினால் கிராமத்தில் இருந்து படிப்பவர் பாடு திண்டாட்டம். கூகுள் வெளியிட்ட ‘ஸ்கூஷ்’ என்னும் இணையக் கருவியில் அகலத்தை ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகளுக்குக் குறைத்தால் அது சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கும். படம் நம் கணிப்பொறியை விட்டு வெளியே போகாமலே வேலை நடப்பதால் குடும்பப் படங்களுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

தமிழில் எழுதுவோர்க்கே உரிய ஒரு சிக்கலை ஆங்கிலக் கையேடுகள் சொல்வதில்லை. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். இணையத்தில் வழங்கும் யுடிஎப்-8 முறையில் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுகளாகப் பதினைந்து பைட்டுகள். அச்சொல் இணைய முகவரியில் வரும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்து நாற்பத்தைந்து எழுத்துகள் ஆகிவிடும்! வேர்ட்பிரஸ் கட்டுரையின் தலைப்பையே முகவரியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்துகள். ஆக, தலைப்பில் இருபத்திரண்டு குறிகளுக்குமேல் போனால் முகவரி வெட்டுப்படும். அந்த நீண்ட முகவரியை நண்பர்க்கு அனுப்பினால் அது பாதியில் முறிவதும் உண்டு. இதற்கும் செருகுநிரல்கள் இருக்கின்றன. என் கருத்தில் அவை வேண்டா. வெளியிடுமுன் முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களை நாமே இட்டால் தீர்ந்தது. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

படி எடுத்து வைத்தல்

இனி, எல்லாவற்றினும் முதன்மையானது. வேர்ட்பிரசில் ‘ஏற்றுமதி’ என்று ஒரு வசதி உண்டு. எழுதியவை அனைத்தையும் ஒரே கோப்பாகத் தரும். அதில் படங்கள் அடங்கா. அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். படங்களைத் தனியே படி எடுக்க வேண்டும். இதை அறியாமல் ஏமாந்தோர் பலர். மாதம் ஒருமுறை இதைச் செய்து வேறொரு கணிப்பொறியிலும் ஒரு படி வைத்தால், இலவச இடம் தருவோர் கடையைக் கட்டினாலும் கவலையில்லை. பெரிய நிறுவனங்கள் கடை கட்டுவதில்லை என்று எண்ண வேண்டா. உலகெங்கும் புகழ்பெற்றிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது.

நாம் மறந்தாலும் நமக்காக ஒருவர் படி எடுத்து வைத்திருக்கவும் கூடும். அமெரிக்காவில் புரூஸ்டர் கேல் என்பவர் 1996இல் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்னும் இணைய ஆவணகம் ஒன்றை நிறுவினார். உலகத் தளங்களை அது தானே சுற்றிச் சுற்றிப் படியெடுத்து வருகிறது. 2001இல் ‘வேபேக் மெஷின்’ என்ற பெயரில் அப்படிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மறைந்துபோன தளத்தின் முகவரியை அதில் இட்டால், எந்தெந்த நாளில் எடுத்த படிகள் உள்ளன என்று நாட்காட்டியே காட்டும். நாம் எழுதிய பக்கத்தின் முகவரியை இட்டு ‘இப்பொழுதே சேமி’ என்று நாமே சொல்லவும் வசதி உண்டு, காசு கேட்பதில்லை.

பெரியப்பாவின் தளமுகவரி வீட்டில் எவருக்கும் நினைவில்லை. கடைசியில் அவருடைய 2004ஆம் ஆண்டு நாட்குறிப்பின் முதற்பக்கத்தில், மூக்குக்கண்ணாடியின் எண்ணுக்குக் கீழே அது எழுதியிருந்தது. வேபேக் மெஷினில் இட்டேன். பதினொரு பக்கங்கள் கிடைத்தன. அவற்றுள் நான்கு, குறுந்தகட்டிலும் இல்லாதவை. மூன்றாம் மதகுக்கு ஏன் ஒரு பெண்ணின் பெயர் வந்தது என்பது அந்த நான்கில் ஒன்றில் இருந்தது. படங்கள் வரவில்லை. கிடைத்த அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றி, காலைத் திருத்தி, பெரியம்மா வாய்விட்டுப் படிக்க நான் பிழை பார்த்து, ஒரு படியை நம் துறை நூலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

குறுந்தகட்டில் இரண்டு பக்கங்கள் மட்டும் இன்னும் திறக்கவில்லை. அவை பாமினி அல்ல. ஆங்கில எழுத்தின் தலையில் கூரையும் புள்ளியும் கொண்ட குறிகளாக இருப்பதால் 256இன் இரண்டாம் பாதியைப் பயன்படுத்திய ஏதோ ஓர் எழுத்துருவாக இருக்கவேண்டும். அறிந்த மாற்றிகளில் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். 2005 வாக்கில் எங்கள் வட்டாரத்து டி.டி.பி. மையங்களில் வேலை பார்த்த முன்னாள் மாணவர் எவரேனும் இதனைப் படித்தால், அக்காலத்தில் அங்கே எந்தெந்த எழுத்துருக்கள் வழங்கின என்று வரலாற்றுத் துறைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடுமாறு வேண்டுகிறேன். அவ்விரு பக்கங்களுக்கும் பெரியப்பா இட்ட கோப்புப் பெயர் ‘கலிங்கு’.